காலை ஆறு மணி இருமல்

நூலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு வரக்கூடாத வியாதி எனக்கு வந்தது. ஒரு தனியார் கல்லூரி நூலகத்தில் பதினாறு வருடம் உதவியாளராக இருந்தேன். சிறுவயதில் வந்த நிமோனியா என் இடது நுரையீரலின் அடிப்பகுதியைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. அங்கே மூச்சுக்குழாய்கள் விரிந்து தளர்ந்து கிடக்கின்றன, சளி தேங்குகிறது, அதனால்தான் ஓயாத இருமல் என்று நாற்பத்தைந்து வயதில் ஒரு டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொன்னார். மாத்திரை போட்டு முடித்துவிடுகிற நோய் இல்லை. கூடவே வைத்துக்கொண்டு வாழ வேண்டியது. யாருக்கும் ஒட்டாது. இந்தக் கடைசி விஷயத்தை அதற்குப் பிறகு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கொரோனாவுக்கு முன்பு என் இருமலைக் கேட்டவர்கள் தண்ணீர் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நாற்காலியைத் தள்ளிப் போட்டார்கள். ஒரு தேர்வுக் காலத்தில் நூலகப் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். பரீட்சை நேரம். பசங்க எழுதிக் குடுத்திருக்காங்க. கொஞ்ச நாள் பின்னாடி ரூம்ல உக்காருங்க."

அவர் நல்ல மனிதர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னறையில் பழைய இதழ்களைக் கட்டிக் கட்டி அடுக்கியிருந்தார்கள். ஒரு கட்டை நகர்த்தினால் தூசி எழும்பி அரை மணி நேரம் நிற்கும். இருமல் இரண்டு மடங்கானது. கொஞ்ச நாள் என்றது ஒரு வருடமான பிறகு வேலையை விட்டுவிட்டு, வீட்டிலிருந்தபடியே பள்ளிக்கூட நோட்ஸ் புத்தகங்களுக்குப் பிழை திருத்த ஆரம்பித்தேன். முத்தியால்பேட்டையில் மாடி போர்ஷன், ஓர் அறையும் சமையலறையும். இருமிக்கொண்டே செய்யக்கூடிய வேலை, எழுத்துகள் கோபித்துக்கொள்ளாது.

கல்யாணம் எனக்கு நடக்கவில்லை. இரண்டு இடம் வந்து, இரண்டு தடவையும் காப்பி தட்டை நீட்டும்போது இருமினேன். அதோடு அம்மா நிறுத்திக்கொண்டார். அம்மா போய் ஒன்பது வருடம் ஆகிறது. கடலூரில் இருக்கிற தம்பியின் மகன் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். மண்டபத்தில் கடைசி வரிசை, கதவோரம், கையில் தண்ணீர் பாட்டில், வாயில் மிட்டாய். ஓமகுண்டப் புகை மெல்லப் பின்னால் வரை வந்தது. நெஞ்சுக்குள் சளி புரண்டுகொண்டிருந்தது. கெட்டிமேளம் கொட்டும் வரை அடக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். கொட்டியதும் எல்லோரும் எழுந்து அட்சதை போட, நான் குனிந்து ஆசை தீர இருமினேன். ஒருவருக்கும் கேட்கவில்லை. நிமிர்ந்தபோது தாலி கட்டி முடிந்திருந்தது. பிறகு அனுப்பிய ஆல்பத்தில் நான் ஒரு படத்திலும் இல்லை. அதற்குத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. படம் எடுக்கிற இடத்தில் நான் நிற்கவே இல்லை.

இப்படி அடக்கியே பழகியவள் கடைசியில் மருந்துக் கடையில் சொல்லி, இருமலை நிறுத்துகிற சிரப் வாங்கிக் குடிக்க ஆரம்பித்தேன். எந்த டாக்டரையும் கேட்கவில்லை. சத்தம் குறைந்தது. கீழ்வீட்டு அக்கா, அவர்தான் வீட்டுக்காரர், "இப்ப பரவால்லியே, ராத்திரி சத்தமே கேக்கல" என்று சொன்னார். எட்டு மாதம் அப்படி ஓடியது. ஒரு மழைக்காலத்தில் குளிர் காய்ச்சல் வந்து, மூச்சு விட்டால் இடது விலா குத்தி, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்ப் படுத்தேன். பன்னிரண்டு நாள். நெஞ்சு நோய்ப் பிரிவின் பெண் டாக்டர் என்னிடம் கேட்டார்:

"இருமல் எதுக்கு வருதுன்னு நெனைக்கிறீங்க?"

"தொந்தரவு பண்ண."

அவர் சிரிக்கவில்லை. "உங்க உடம்புல சளிய வெளிய தள்ற ஒரே ஆளு அதுதான். அதத் தூங்க வச்சிட்டீங்க. இனிமே இருமுங்க. ஆனா எப்படி இருமறதுன்னு கத்துக்குங்க."

ஐம்பது வயதுக்கு மேல் இருமக் கற்றுக்கொள்ளப் போனேன். வாரம் இரண்டு நாள், ஆறு வாரம். பிசியோதெரபி அறையில் நாங்கள் ஆறு பேர். மில்லில் வேலை பார்த்து ஓய்ந்த இருவர், பாகூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு விவசாயி, விறகடுப்பில் சமைத்தே மூச்சு போன ஒரு அம்மா, நான், அப்புறம் அந்த சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து அந்த நாட்டுப் பென்ஷனில் இருப்பவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்றுதான் சொல்வோம். எழுபது தாண்டியவர், இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை, நாற்பது வருடம் சிகரெட் பிடித்த நெஞ்சு.

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். முதலில் வயிறு எழும்ப மெதுவாக மூச்சை இழுத்து விடச் சொன்னாள். பிறகு ஆழமாக இழுத்து மூன்று எண்ணும்வரை பிடித்து விட வேண்டும், நான்கு தடவை. பிறகு வாயை அகலத் திறந்து, மூக்குக்கண்ணாடி துடைக்க ஆவி ஊதுகிற மாதிரி 'ஹா' என்று நீளமாகத் தள்ள வேண்டும். சளி மேலே ஏறி வந்ததும் ஒன்று இரண்டு இருமல், அவ்வளவுதான். மூடி போட்ட கப்பில் துப்பி, நிறம் பார்த்துக்கொள்ள வேண்டும். வெள்ளையாக இருந்தால் சரி. பச்சைக்குப் போனாலோ அதிகமானாலோ ரத்தம் தெரிந்தாலோ உடனே வர வேண்டும். நாளெல்லாம் வெதுவெதுப்பான தண்ணீர். ஊதுபத்தி, கொசுவர்த்தி இரண்டும் கூடாது.

அந்த அறையில் ஆறு பேரும் இருமினோம். ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே வந்து பஸ் ஏறியதும்தான் அது எனக்கு உறைத்தது. அடுத்த வகுப்புக்கு அரை மணி நேரம் முன்னதாகவே போய் உட்கார்ந்திருந்தேன்.

கடைசி நாளன்று அந்தப் பெண், "பத்து நாள் செய்வீங்க, அப்புறம் விட்டுடுவீங்க. எல்லாரும் அப்படித்தான். யாராவது ரெண்டு பேரா சேர்ந்து செய்யுங்க" என்றாள். வெளியே மரத்தடியில் சொல்தா என்னை நிறுத்தினார்.

"மதாம், வீட்ல யாரு இருக்கா?"

"நான்தான் சார்."

"எனக்கும் அதான். நம்பர் குடும்மா. காலைல ஆறு மணிக்கு அடிக்கிறேன்."

மறுநாள் ஆறு மணிக்கு போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டுக் கட்டில் மேல் வைத்தேன். "ரெடியா?" என்றார். பிறகு பிரெஞ்சில் எண்ணினார்: "ஆன், தெ, த்ருவா." விடு என்பது தமிழில் வந்தது. நான் விட்டேன். அங்கே அவர் 'ஹா' என்று தள்ளுவது கேட்டது, இங்கே நான் தள்ளினேன். இருமினோம், துப்பினோம், தண்ணீர் குடித்தோம், மறுபடி முதலிலிருந்து. இருபது நிமிடம். கடைசியில் "நெறம்?" என்பார். "வெள்ளை." "எனக்கும். செரி, வைக்கிறேன்." அவ்வளவுதான் பேச்சு.

ஒரு மாதம் கழித்துக் கீழ்வீட்டு அக்கா மாடிப்படியில் நிறுத்தினார்.

"காலைல இன்னா ஒரு ஆம்பள கொரலு கேக்குது?"

"ஒரு சார் போன்ல பேசுறாருக்கா."

"பேசுற மாதிரி இல்லியே."

"இருமறோம்."

பொய் சொல்வதாக இருந்தால் இதைவிட நல்ல பொய்யாகச் சொல்லியிருப்பேன் என்று அக்காவுக்கே பட்டிருக்க வேண்டும். பிறகு கேட்கவில்லை.

ஒன்றேகால் வருடம் அது நடந்தது. எங்களுக்குள் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீண்டது. அவர் மனைவி இறந்தது, மகள் பிரான்சில் லியோன் பக்கம் இருப்பது, பெரிய வீட்டில் மூன்று அறையைப் பூட்டி வைத்திருப்பது, எல்லாம் துண்டு துண்டாகத் தெரிந்தது. போகி அன்று தெருவெல்லாம் புகை. ஜன்னல் இடுக்கில் ஈரத்துணி வைக்கச் சொல்லி எனக்கு நினைவுபடுத்த ஐந்தரைக்கே கூப்பிட்டார். என் பிறந்தநாள் அவருக்குத் தெரியாது, அவருடையது எனக்கும் தெரியாது. ஆனால் அவர் நெஞ்சில் வலப்பக்கம் சளி இறங்கியிருந்தால் முதல் மூச்சிலேயே எனக்குத் தெரிந்துவிடும். என் தம்பியைப் பற்றிக்கூட எனக்கு அவ்வளவு தெரியாது.

ஒருநாள் எண்ணி முடித்ததும் போனை வைக்காமல் இருந்தார்.

"பொண்ணு டிக்கெட் போட்டுட்டுது. அடுத்த வாரம் போறேன்."

"எத்தன நாளைக்கு சார்?"

"இங்க தனியா வைக்க மாட்டேன்னுது."

போவதற்கு முன்தினம் ஆட்டோவில் என் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று போன் செய்தார். பதினெட்டுப் படி அவரால் ஏற முடியாது. நான் இறங்கிப் போனேன். ஆட்டோ காத்துக்கொண்டிருந்தது. வகுப்புக்குப் பிறகு அவரை நேரில் பார்ப்பது அதுதான் முதல் தடவை. சட்டைக் காலர் கழுத்துக்குப் பெரிதாகியிருந்தது. போனில் இருந்த பழக்கம் நேரில் வரவில்லை.

"விட்டுடாதம்மா" என்றார்.

"நீங்களும் சார்."

"அங்க ஆறு மணின்னா இங்க பத்தரை. அடிக்கிறேன்."

அடித்தார். நான் காலை வேலையைப் பத்தரைக்கு மாற்றிக்கொண்டேன். ஆறு மணிக்கு நெஞ்சு நிறைந்து எழுந்தாலும் பத்தரை வரை காத்திருந்தேன். அது தவறு என்று தெரிந்தேதான் செய்தேன். மூன்று வாரம் போயிருக்கும். ஒருநாள் அவர் குரல் தெளிவாக, லேசாக இருந்தது.

"இங்க ஒரு பொண்ணு வீட்டுக்கே வருதும்மா. பிசியோ. நெஞ்சுல கை வச்சு அதுவே அமுக்கி எடுத்துடுது. கவர்ன்மென்ட் காசு. நாம பண்ணதுல்லாம் ஒண்ணுமே இல்ல. பிரமாதம்."

"ரொம்ப நல்லது சார்."

"அதனால காலைல அந்தப் பொண்ணு வந்துடும். நான் ஞாயித்துக்கெழம அடிக்கிறேன்."

இரண்டு ஞாயிறு அடித்தார். பிறகு வருடப் பிறப்புக்கு வாழ்த்துச் செய்தி வந்தது, பனியில் அவர் மகளோடு நிற்கிற படம். கன்னம் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. நல்லபடியாக இருக்கிறார். எனக்கு அதில் உண்மையாகவே சந்தோஷம். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அன்று மதியம் சாப்பிடாமல் படுத்துவிட்டேன். செத்துப்போயிருந்தால் அழுதிருக்கலாம். நன்றாக இருப்பவரை நினைத்து என்னவென்று அழுவது?

அந்த ஞாயிறுகள் நின்ற பிறகு ஒன்பது நாள் நான் பயிற்சி செய்யவில்லை. காலையில் எழுந்து போனைப் பார்ப்பேன், எழுந்து காப்பி போடுவேன். பத்தாவது நாள் கப்பில் மஞ்சள் கெட்டியாக விழுந்தது. உடம்பு கணகணவென்றது. பயந்து அன்றே ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். நேரத்தோடு வந்ததால் மாத்திரையோடு போயிற்று, படுக்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் டாக்டர், "ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். "ஆள் இல்ல" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, பேனாவை மூடி வைத்துவிட்டு, "நெஞ்சு உங்களுதுதானே?" என்றார்.

அடுத்த நாள் ஆறு மணிக்குக் கட்டில் விளிம்பில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். யாரும் எண்ணவில்லை. மூச்சைப் பிடித்திருக்கும்போது வாய்விட்டு எண்ண முடியாது, மனதுக்குள் எண்ணினால் வேகமாகப் போய்விடுகிறது, அதனால் விரலை மடக்கி எண்ணினேன். முதல் வாரம் அறை ரொம்பப் பெரிதாக இருந்தது. இருமி முடித்ததும் நிறம் கேட்க ஆளில்லாததால் காலண்டரில் தேதிக்குப் பக்கத்தில் ஒரு 'வெ' எழுதினேன். இன்றும் எழுதுகிறேன். பழகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். செய்கிறேன்.

போன மாதம் மறுபரிசோதனை. ஸ்கேனில் புதிதாக எதுவும் கெடவில்லை, இரண்டு வருடமாக அட்மிஷன் இல்லை, இப்படியே போகலாம் என்றார்கள். வெளியே வந்து போனைக் கையில் எடுத்தேன். யாரிடம் சொல்வதென்று யோசித்தேன். தம்பி வேலையில் இருப்பான். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு டவுன் பஸ் ஏறினேன்.

ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் ஒரு பெண், மடியில் மளிகைப் பை. இரண்டாவது நிறுத்தம் தாண்டும்போது நெஞ்சில் புரண்டது. மாஸ்க் போட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி, கைக்குட்டையால் வாயை மூடி, சளி மேலே வரும்வரை முறையாக இருமினேன். அவசரப்படவில்லை. அந்தப் பெண் எழுந்து முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கூட்டமான பஸ். ஆனாலும் நான் இறங்கும்வரை அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை. நான் என் பையை எடுத்து அங்கே வைத்துக்கொண்டேன். இறங்கிய இடத்தில் தள்ளுவண்டியில் கொய்யா நன்றாக இருந்தது. அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன்.