லூர்துராஜின் அமெரிக்கக் கிட்டார்

எழுபதுகளில் மதுரையில் யாராவது பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போனால், லூர்துராஜிடம் காட்டிவிட்டுத்தான் முடிவு செய்வார்கள். மெல்லிசைக் குழு ஒன்றில் அவர் கிட்டார் வாசித்தார். அவருடையது அமெரிக்கக் கிட்டார். ரயில்வே காலனியிலிருந்த ஆங்கிலோ இந்தியர் ஒருவர் ஆஸ்திரேலியாவுக்குப் போகும்போது விற்றுவிட்டுப் போனது. அதன் தலையில் கம்பெனிப் பெயர் பொன்னிறத்தில் வளைந்து ஓடும். கச்சேரி தொடங்கும்போது அறிவிப்பாளர் பாடகர்களுக்கு முன்னால் அந்தக் கிட்டாரைத்தான் அறிமுகப்படுத்துவார்.

பிறர் கொண்டுவரும் கிட்டாரை மடியில் வைத்து ஒரு கம்பியைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார் லூர்துராஜ். தன் கிட்டாரின் சத்தத்தோடு ஒத்துப்போனால் தலையாட்டுவார். இல்லையென்றால், "டூப்ளிகேட்டு" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மறுபேச்சு கிடையாது.

கீழக்குயில்குடி உக்கிரபாண்டியும் அப்படித்தான் வந்தான். கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் தோட்டவேலை பார்த்தவன். அவர் ஊர் திரும்பும்போது கொடுத்துவிட்டுப் போன கிட்டாரில் தானாகவே வாசிக்கப் பழகியிருந்தான். குழுவில் சேர ஆசை. அதன் தலையிலும் அதே கம்பெனிப் பெயர்தான், ஆனால் எழுத்து மெலிந்திருந்தது. சத்தம் காதைக் குத்துகிற மாதிரி கணீரென்றிருந்தது. பெயிண்ட் உதிர்ந்த ஓரத்தில் மரத்தின் ரேகை நேராக ஓடியது.

"இது அந்தக் கம்பெனி இல்ல தம்பி. இத வச்சுக்கிட்டு மேடையேறுனா சிரிப்பாங்க."

உக்கிரபாண்டி கிட்டாரைத் துணியில் சுற்றினான். "நீங்க சொன்னாச் சரியாத்தாண்ணே இருக்கும். வாரேன்" என்று போய்விட்டான்.

எண்பத்தொன்றில் அழகர்கோவில் பக்கம் ஒரு கச்சேரி முடிந்து சாமான்களை ஏற்றும்போது லூர்துராஜின் கிட்டார் வேனிலிருந்து விழுந்து கழுத்து ஆட்டங்கண்டது. மறுநாள் வீட்டில் வைத்து, முதல்முறையாக அதன் திருகாணிகளைக் கழற்றினார். கழுத்து தனியே வந்தது. அது உட்கார்ந்திருந்த பள்ளத்தில் பெயிண்ட் இல்லை. அடுக்கடுக்காக ஒட்டிய பிளைவுட் தெரிந்தது. அந்தக் கம்பெனி முழுப் பலகையில்தான் கிட்டார் செய்யும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவர் அவர்தான். உள்ளே இருந்த காந்தமும் வயரும் பழைய ரேடியோவிலிருந்து பிடுங்கியவை.

மனைவி ஆனிமேரி விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"போனாப் போகுதுங்க. நேத்து வரைக்கும் இதே சத்தந்தான கேட்டுச்சு?"

கழுத்தைப் பூட்டி வாசித்துப் பார்த்தார். அதே சத்தம் இல்லை. அடியில் ஒரு பொத்தல் இருப்பதுபோல எல்லாச் சுரமும் சப்பென்று விழுந்தது. முன்பே அப்படித்தான் இருந்ததா, இப்போதுதான் அப்படிக் கேட்கிறதா என்று அவருக்குத் தெரியவில்லை. அப்போதுதான் உக்கிரபாண்டியின் கிட்டார் நினைவுக்கு வந்தது. அந்த ரேகை முழுப் பலகையில்தான் அப்படி ஓடும். அவர் கைக்கு வந்த ஒரே அசல் அதுதான்.

விசாரித்துப் பரவை சந்தைக்குப் போனார். உக்கிரபாண்டி தக்காளிக் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தான். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து டீ வாங்கிக் கொடுத்தான்.

"அந்தக் கிட்டாரு இருக்கா?"

"அது எங்கண்ணே இருக்கு. டூப்ளிகேட்ட வச்சு என்ன செய்ய? பரண்ல போட்டேன், மழை ஒழுகி ஊறி மக்கிப் போச்சு. அன்னைக்கு நீங்க மட்டும் சொல்லலேன்னா, அத நம்பி நாயா அலைஞ்சிருப்பேன். இப்ப கல்யாணம் ஆகி, இந்தா, பொழப்பு ஓடுது."

"வாசிக்கிறதே இல்லியா?"

அவன் காய்த்துப்போன உள்ளங்கையை விரித்துப் பார்த்தான். "விரல் மடங்கணும்லண்ணே."

சொல்ல வந்ததை லூர்துராஜ் சொல்லவில்லை. சொன்னால் அவனிடம் எஞ்சியிருந்த அந்த நிம்மதியும் போய்விடும். டீ கிளாஸை வைத்துவிட்டுப் பஸ் ஏறினார்.

அதன்பின் யார் கிட்டார் கொண்டுவந்தாலும், "எனக்குத் தெரியாது" என்று சொல்லிவிட்டார். தலைக்கனம் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். மேடையில் மட்டும் அமெரிக்கக் கிட்டார் என்ற அறிவிப்பு தொடர்ந்தது. கைதட்டலும் தொடர்ந்தது. அந்தத் தட்டலுக்கு நடுவே தலை குனிந்து வாசித்தார். நாலைந்து வருடத்தில் குழுவுக்குக் கீபோர்டு வந்தது. அவரை வரவேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, கூப்பிட மறந்துபோனார்கள். ஒரு பள்ளிக்கூடத்தில் அட்டெண்டராகச் சேர்ந்தார்.

வீட்டை வெள்ளையடித்த ஒருநாள் ஆனிமேரி பீரோ மேலிருந்த கிட்டாரைக் காட்டி, "இத வித்துரலாமா?" என்று கேட்டாள்.

"என்னன்னு சொல்லி விக்கிறது?" என்றார் அவர். அவள் அதைத் துடைத்து மறுபடி மேலேயே வைத்துவிட்டாள்.