நீதிபதிக்குப் போட்ட மாலை

“…பார்வையைப் பாரு நைனா, எம்மாம் சாந்தம்! பெரிய மகான் போலகீது. கீழ இன்னா போட்டுக்கீது, படி” என்றாள் ராயபுரம் குப்பத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா.

அமெரிக்கக் கப்பலில் மூட்டை இறக்கப் போன அவள் புருஷனுக்கு ஒரு மாலுமி கொடுத்த காலண்டர் அது. வெள்ளைக்காரர்கள் அமெரிக்காவில் குடியேறிய காலத்தில் அந்த மாலுமியின் ஊரை ஆண்ட பெரிய மனிதர்கள், மாதத்துக்கு ஒருவராக அதில் இருந்தார்கள். நரைத்த தலையும் கறுப்பு அங்கியுமாக இருந்தவருக்கு அக்கா கதம்ப மாலை போட்டு, ஊதுபத்தியும் ஏற்றியிருந்தாள்.

எழுத்துக்கூட்டிக் கற்ற இங்கிலீஷில் படித்தேன். அக்காவை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன். ஆடி பிறந்தால் அம்மன் இறங்கி, குப்பத்துக்கே குறி சொல்கிறவள் அவள்.

“மகான் இல்லக்கா, ஜட்ஜு. பேய வெச்சுக்கினு ஊரைக் கெடுக்குதுங்கன்னு பொம்பளைங்களைத் தூக்குல போடச் சொன்னவரு.”

“சாமி வந்து ஆடுனாலுமா?”

“அங்க அதுக்கும் பேய்ன்னுதான் பேரு.”

“அப்ப என்னையும் போட்டுருப்பான்.” அவள் குரல் இறங்கிவிட்டது.

படத்தின் மூலையில், தூக்குக் கயிற்றின் கீழே, விரல் உயரத்தில் ஒருத்தி நின்றிருந்தாள். அக்கா மாலையைக் கழற்றி எறிந்துவிட்டு, தன் நெற்றிக் குங்குமத்தைத் தொட்டு அவளுக்கு வைத்தாள்.