வேலியில் தொங்கிய லத்தீன்

துறைமுகத்துக்குப் பக்கத்தில், பண்டமாரானில் நாங்கள் இருந்த வீட்டில் பகல்தான் இரவு. அப்பா துறைமுகத்தில் இரவு ஷிப்டில் கிரேன் ஓட்டினார். ஒருமுறை கிரேனில் கண்ணயர்ந்து ஒரு சரக்குப் பெட்டியைச் சாய்த்துவிட்டார். நல்ல வேளை, கீழே யாரும் இல்லை. அன்றிலிருந்து அப்பாவின் பகல் தூக்கத்துக்கு அம்மா காவல் இருந்தார். நாங்கள் பிள்ளைகள் சண்டையைக்கூடச் சைகையிலேயே போடப் பழகியிருந்தோம்.

தெருவை மட்டும் அடக்க முடியவில்லை. ரொட்டிக்காரர் ஹாரன் அடிப்பார். பழைய பேப்பர் வாங்கும் சீனர் மணி அடிப்பார். வாசல் வேலியில் ஒரு பலகை மாட்டலாம் என்றார் அம்மா. எந்த மொழியில் எழுதுவது? தமிழ் என்றால் சீனருக்குப் புரியாது. மலாய் என்றால் நம் ஆட்கள் முறைப்பார்கள். ஆங்கிலம் என்றால் பீற்றிக்கொள்கிறோம் என்பார்கள்.

அப்போதுதான் மாமா வாயைத் திறந்தார். அவர் அம்மாவின் தம்பி. பாதிரியாருக்குப் படிக்கப் போய்ப் பாதியில் திரும்பியவர். வழியனுப்ப ஊரே கூடியது. திரும்பி வந்தபோது ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வேறு எதையும்கூடக் கேட்கவில்லை. பூசையும் அதற்குள் தமிழுக்கு மாறிவிட்டதால், அவர் கற்றுவந்த லத்தீனுக்கும் வேலை இல்லை. அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டு மாதக்கணக்கில் பேசாமல் இருந்தார்.

லத்தீனில் எழுதினால் யாருக்கும் வருத்தம் இராது என்றார். பச்சைப் பெயிண்டில் ஐந்தே எழுத்து: QUIES, 'க்வியேஸ்'. ஓய்வு என்று பொருளாம்.

மறுநாள் ரொட்டிக்காரர் ஹாரன் அடிக்கவில்லை. மோட்டாரை நிறுத்திவிட்டு வாய்விட்டே கூப்பிட்டார். "அண்ணே, இது என்னா எழுதியிருக்கு?"

மாமா வெளியே போனார். அது பெண்பால் சொல் என்றார். நம் வேற்றுமை உருபுபோல அதற்கும் வால் மாறும், 'ஓய்வினுடைய' என்றால் 'க்வியேத்திஸ்' என்றார். ஆங்கிலத்தின் 'குவாயட்' அதன் வழியில் வந்ததுதானாம். முன்னால் 'ரெ' சேர்த்தால் 'ரெக்வியேஸ்', இளைப்பாறுதல். 'இளைப்பாறுதலை' என்னும்போது 'ரெக்வியம்'. அந்தச் சொல்லில் தொடங்குவதால்தான் இறந்தவர்களுக்கான பூசைக்கும் அந்தப் பெயர்.

ரொட்டிக்காரர் யோசித்தார். "அப்ப செத்தாத்தான் ரெஸ்ட்டா, அண்ணே?"

மாமா சிரித்துவிட்டார். "இல்ல லா, உசுரோட இருக்கும்போதும் உண்டு."

அதன்பின் தபால்காரர் வந்தார், பேப்பர் வாங்கும் சீனர் வந்தார், எதிர்வீட்டு ஆன்டி தன் விருந்தாளிகளையே கூட்டி வந்தார். மாமா ஆளுக்கேற்ற மொழியில், சலிக்காமல், சத்தமாகவே விளக்கினார். ஹாரனே தேவலை என்று ஆகிவிட்டது. அம்மா பலகையைக் கழற்றப் போனபோது அப்பா எழுந்து வந்தார். கண்கள் சிவந்து கிடந்தன, பார்வை வாசலில் பேசிக்கொண்டிருந்த மாமாமேல் இருந்தது.

"இருக்கட்டும் விடு. எனக்கு நல்லாத்தான் தூக்கம் வருது."

பொய் சொல்லாதீர்கள் என்று அம்மா அடிக்குரலில் சீறினார். அப்பா பாயைச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். தேங்காய் எண்ணெயில் பஞ்சைத் தோய்த்துக் காதில் அடைத்துக்கொண்டு படுத்தவர், சாயங்காலம் வரை அசையவில்லை. மறுநாளிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. பச்சைப் பெயிண்ட் மங்கியபோது அப்பாவே புது டின் வாங்கி வந்து மாமாவிடம் கொடுத்தார்.

வாசலில் பலகையும் மாட்டிக் காதில் பஞ்சும் வைத்துக்கொள்கிறாரே, அப்பா கொஞ்சம் மந்தமோ என்று எனக்குச் சந்தேகம். அந்த வீட்டில் ஓய்வு தேவைப்பட்டவர் அப்பா ஒருவர்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.