பக்கத்து வீட்டுப் பொமேரியன்

சமாதான காலத்தில் பாதை திறந்த பிறகு கொழும்பிலிருந்து வன்னியில் எங்கள் விசுவமடுவுக்கு எத்தனையோ வந்து சேர்ந்தன. அவற்றில் ஒரு நாயின் மேல் எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை. நாயின் மேல் என்று சொல்வதும் பிழை. அதை வளர்த்தவன் மேல்.

அவன் சுவிசிலிருந்து திரும்பியவன். சண்டை முடிந்துவிட்டது என்று நம்பி எங்கள் வளவுக்குப் பக்கத்தில் வீடு கட்டினான். வீடு குடிபுகுந்த கையோடு வான் வண்டியிலிருந்து இரண்டு நாய்களை இறக்கினான். ஒன்று அல்சேசன், மற்றது வெள்ளைப் பொமேரியன். அயலெல்லாம் வேலியோடு நின்று பார்த்தது. அல்சேசனைக் கண்ட தாய்மார் பிள்ளைகளைத் தூக்கி இடுப்பில் வைத்தார்கள். பொமேரியனைக் கண்டதும் இறக்கிவிட்டார்கள்.

அங்கேதான் எல்லோரும் பிழைவிட்டோம். அல்சேசன் பசுக்கன்று மாதிரி. காதைப் பிடித்து இழுத்தால் எழும்பிப் போய் வேறிடத்தில் படுக்கும். புது ஆள் வந்தால் ஒருதரம் குரைத்துவிட்டு வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கும். எங்கள் வீட்டில் நின்றது மண்ணிற ஊர் நாய். அதற்குக் கோபம் உண்டு, ஆனால் முதலில் உறுமும், பிறகு பல்லைக் காட்டும், விலகிப் போக நேரம் தரும். பொமேரியன் எதையும் காட்டாது. செற்றி மெத்தையில் கிடந்து பிஸ்கற் தின்னும். எசமானியின் மடியைத் தன் காணி என்று நினைத்திருந்தது. வாலை ஆட்டிக்கொண்டே கடிக்கும்.

என் இளைய மகளை அப்படித்தான் கடித்தது. ஆறு வயது அவளுக்கு. அந்த வீட்டில் தொலைக்காட்சி பார்க்கப் போனவள், வீட்டுக்காரியின் மடியில் சாய்ந்திருக்கிறாள். முன்கையில் பல் இறங்கிவிட்டது. நான் ஓடிப்போனபோது இரண்டு இடத்தில் இரத்தம் பொட்டுப்பொட்டாக நின்றது.

“ரீச்சர், சும்மா பதறாதேங்கோ. பல்லுப் பட்டது, அவ்வளவுதான். பிள்ளை ஏதும் சேட்டை விட்டிருக்கும்” என்றான் அவன். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதால் நான் ஊருக்கே ரீச்சர்.

“நாய்க்கு விசர் ஊசி போட்டதோ தம்பி?”

“இதென்ன தெரு நாயே? சாதி நாய் ரீச்சர். இதுகளுக்கு விசர் வராது.”

வந்து நின்ற அயலவர்களும் ஓம் ஓம் என்று தலையாட்டினார்கள். சாதி நாய் வீட்டுக்குள் வளர்வது, சவர்க்காரம் போட்டுக் குளிப்பது, அதற்கு எப்படி விசர் வரும் என்பது எங்கள் பக்கத்தில் படித்தவர்களும் நம்பிய கதை. நான் நம்பவில்லை. சிறுவயதில் ஒட்டுசுட்டானில் விசர் நாய் கடித்த ஒருவர் தண்ணீர்க் கோப்பையைக் கண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டு அலறியதைப் பார்த்தவள் நான்.

ஆசுபத்திரியில் காயத்தைக் கழுவிவிட்டு, “நாயைக் கட்டி வச்சு இரண்டு கிழமை பாருங்கோ அம்மா. அதுக்கு வருத்தம் வந்தாலோ, செத்தாலோ, காணாமல் போனாலோ உடன பிள்ளையைக் கொண்டு ஓடி வாங்கோ” என்றார்கள். அதை அவனிடம் அப்படியே சொன்னேன். “சரி சரி” என்றான். கட்டவில்லை. நான் காலையும் மாலையும் வேலியால் எட்டிப் பார்த்தேன். அந்த நாயைக் கொன்றுவிட வேண்டும் போல் இருந்தது. ஆனால் என் பிள்ளைக்கு ஒன்றுமில்லை என்று தெரிய அது உயிரோடு இருக்க வேண்டும். இப்படி ஒரு நிலைக்கு என்னைத் தள்ளியவனை நான் எப்படி மன்னிப்பது?

ஒருநாள் காலை எட்டிப் பார்த்தால் வானில் பெட்டிகள் ஏறுகின்றன.

“எங்க தம்பி பயணம்?”

“கொழும்புக்கு. மனிசியின்ர விசா அலுவல்.”

“நாய்?”

“பெரிசு காவலுக்கு நிக்கும், பெடியன் ஒருத்தன் சாப்பாடு வைப்பான். சின்னன் எங்களோட வரும்.”

“வராது. அது இங்க நிக்கோணும்.”

“என்ன ரீச்சர், நாயை மறியலில அடைச்சுப் போடப்போறியளோ?” என்றான். வான் சாரதி சிரித்தான்.

“ஓம். உங்களையும் சேர்த்துப் போடுறதுக்குத்தான் எனக்கு வழியில்லை.”

வானுக்கு முன்னால் போய் நின்றேன். உள்ளே இருந்த மனைவி, “அக்கா, விடுங்கோவன். நான் இல்லாட்டி அது சாப்பிடாது” என்று கெஞ்சினாள்.

“நான் சோறு தீத்துறன். என்ர பிள்ளைக்காக அதைச் சாக விடமாட்டன்.”

அவன் நாயைத் தூக்கி வானுக்குள் தள்ளப் பார்த்தான். நான் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்தேன். அந்த இழுபறியில் அது அவனுடைய பெருவிரலைப் பதம் பார்த்தது. “ஐயோ” என்று விட்டுவிட்டான். ஓமந்தையில் சோதனைச்சாவடி பூட்டுமுன் போய்ச் சேரவேண்டும் என்று சாரதி கத்தினான். நான் நாயைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வேப்பமரத்தில் கட்டி வைத்து மீன் அவித்துக் கொடுத்தேன். முள் எடுத்துக் கொடுத்தேன். என் கணவருக்கு நான் ஒருநாளும் அப்படிப் பரிமாறியதில்லை, அவரும் அதைச் சொல்லிக் காட்டினார். காலையில் அது தண்ணீர் குடித்தால்தான் எனக்குத் தேநீர் தொண்டையால் இறங்கும். அது குடிப்பதைப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டு அவளுக்கும் ஒரு கோப்பை தண்ணீர் கொடுப்பேன். “தாகம் இல்லையம்மா” என்பாள். “குடி” என்பேன்.

முதலாவது கிழமை முடியுமுன் தொலைபேசிக் கடைக்காரர் சைக்கிளில் வந்தார். கொழும்பிலிருந்து அழைப்பாம். போய் எடுத்தேன்.

“ரீச்சர், நாய் எப்பிடி நிக்குது?” குரல் நன்றாக இறங்கியிருந்தது.

“ஏன் தம்பி? சாதி நாய்தானே.”

“இல்லை ரீச்சர், கையைக் காட்டப் போனன். டொக்டர் கேக்கிறார். தண்ணி குடிக்குதோ?”

அன்று காலை அது ஒரு சட்டி தண்ணீரையும் நக்கித் துடைத்திருந்தது.

“நாயைக் காணேல்லைத் தம்பி. கயித்தை அறுத்துக்கொண்டு போட்டுது.”

மறுபக்கத்தில் அவன் மனைவியைக் கூப்பிடுவது கேட்டது. எனக்கு அது போதாமல் இருந்தது. “வாயில நுரை மாதிரியும் கிடந்தது” என்றேன். வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் மீன் அவித்தேன்.

அவன் எல்லா ஊசியும் போட்டான் என்று சாரதி வந்து சொன்னான். நாய் முகத்தை நக்கியது என்று மனைவிக்கும் போட்டார்களாம். மருந்து முடியும்வரை சாராயம் குடிக்கக்கூடாது என்று யாரோ சொல்ல, போத்தலைப் பார்த்துக்கொண்டு இருந்தானாம். நான் சாரதிக்கு இன்னொரு தேநீர் ஊற்றிக் கொடுத்து, திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னேன்.

இரண்டு கிழமையும் முடிந்தது. பிள்ளைக்குப் பயமில்லை என்று ஆசுபத்திரியில் சொன்னார்கள். நாயை அவிழ்த்துவிட்டேன். அது போகவில்லை.

இதற்குப் பிறகு நாங்கள் பட்டதை நினைத்தால், ஒரு நாய்க்கடியை இன்னும் மனதில் வைத்திருக்கிறாயே என்று என் கணவர் கேட்கிறார். இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசிச் சண்டையில், மாத்தளனில் இந்த மகளை வயிற்றோடு அமுக்கிக்கொண்டு பதுங்கு குழிக்குள் கிடந்தேன். இன்றைக்கும் வானத்தில் சத்தம் கேட்டால் அவளைத் தேடுகிறேன். அதையெல்லாம் செய்தவர்களின் முகத்தை நான் பார்த்ததில்லை. யாரை வெறுப்பது? இவனுடைய முகம் எனக்குத் தெரியும். இவனையாவது விடாமல் பிடித்திருக்கிறேன்.

சண்டை திரும்பத் தொடங்குமுன் அவன் ஒருதரம் வீட்டைப் பார்க்க வந்தான். எங்கள் வளவுக்குள்ளிருந்து பொமேரியன் குரைத்தது. வேலிப் படலையைப் பிடித்தபடி நின்று அதையும் என்னையும் பார்த்தான். முகம் கறுத்துவிட்டது. ஏதோ பெரிதாகக் கேட்கப் போகிறான் என்று காத்திருந்தேன். கேட்டால் சொல்ல எல்லாம் அடுக்கி வைத்திருந்தேன். மகள் முற்றத்தில்தான், அவனுக்கு முன்னால், சட்டைக் கை மடித்தபடி, பல் பட்ட தழும்பு தெரிய நின்றாள்.

“மனிசி அழுறா ரீச்சர். நாயைத் தாங்கோவன்” என்றான்.

அப்போதும் பிள்ளையைப் பற்றி அவன் ஒரு சொல் கேட்கவில்லை. நாயை நான் கொடுக்கவில்லை.