மோராவின் பின்னங்கால்

டெல்ஃபினாவுக்கு வாய் நீளம். எங்கள் பள்ளத்தாக்கில் அவளிடம் திட்டு வாங்காத மாட்டுக்காரன் கிடையாது. "ஞாயித்துக்கிழமை பூசைக்கு உன் மூஞ்சியச் செரைக்கத் தெரியுது, வருசத்துக்கு ரெண்டு வாட்டி மாட்டுக்குக் குளம்பு சீவத் தெரியலையா?" என்பாள். உத்தரத்தில் கயிறு போட்டு மாட்டின் காலைத் தூக்கிக் கட்டியதும் பேச்சு நின்றுவிடும். சீவிய துணுக்கை மோந்து பார்த்தே உள்ளே புண் இருக்கிறதா என்று சொல்வாள். இருபத்தாறு வருடங்களாக இதுதான் அவள் பிழைப்பு.

அப்படிப்பட்டவள் லிடியோவிடம் மட்டும் ஒருமுறை சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டாள்.

லிடியோவின் மனைவி பியரினா பிப்ரவரியில் நோயில் இறந்துபோனாள். புட்டிப்பால் கொடுத்து அவள் வளர்த்த கறுப்பு மாடுதான் மோரா. ஏப்ரலில் நடந்த முட்டுப் போட்டியில் மோரா எதிரில் வந்த மாடுகளையெல்லாம் தள்ளி ஜெயித்தது. அக்டோபரில் ஆவோஸ்தா நகரத்தில் இறுதிப் போட்டி. சாப்பாடே வேண்டாம் என்று கிடந்த லிடியோ, மோரா ஜெயித்த அன்றைக்குத்தான் சிரித்தான்.

ஜெயித்த மாட்டின் குளம்பில் இறுதிப் போட்டி வரைக்கும் கத்தி படக்கூடாது, பட்டால் கால் பிடிமானம் போய்விடும் என்பது எங்கள் ஆட்களின் நம்பிக்கை. நானும் அதை நம்பியவன்தான், வெட்கத்தோடு சொல்கிறேன். மே மாதம் டெல்ஃபினா கத்தியோடு போனபோது லிடியோ தொழுவத்து வாசலை மறித்துக்கொண்டு நின்றான். பின்னங்குளம்பின் வெளிப்பாதி அளவுக்கு மீறி வளர்ந்திருந்ததை அவள் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும் என்று கத்தியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பினாள்.

கோடை முழுக்க மோரா மலைமேல் மேய்ந்தது. செப்டம்பர் கடைசியில் இறங்கி வந்தபோது பின்னங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தது. போட்டிக்கு நான்கு நாள் இருக்கும்போது லிடியோ டெல்ஃபினாவைக் கூப்பிட்டான். கயிறு பிடிக்கப் பக்கத்து வீட்டுக்காரனான நானும் போனேன்.

இரண்டு சீவல் சீவியதுமே நாற்றம் மூக்கில் ஏறியது. மூன்றாவதில் சீழ் பொங்கி அவள் மணிக்கட்டில் வழிந்தது.

"போட்டி கீட்டி எதுவும் கிடையாது லிடியோ. இந்தக் கால ஊனி முட்டுச்சுன்னா எலும்பு வரைக்கும் போயிரும். அப்புறம் கசாப்புக்குத்தான்."

"நாலே நாளு, டெல்ஃபினா. புண்ணுல தாரு வச்சு அடைச்சு விடு. நீ நல்லாருக்குன்னு சொன்னா மைதானத்துல இருக்குற மாட்டு டாக்டரு குனிஞ்சுகூடப் பாக்கமாட்டாரு."

"அதனாலதான் சொல்லமாட்டேன்."

"பியரினா வளத்த மாடு இது. அவ பேரு அந்த மைதானத்துல ஒரு தடவை கேக்கட்டும்னுதான் நான் உசுரோட இருக்கேன்."

அவள் மறுபடியும் கத்தியை எடுத்தாள். அவனுக்கு வெறி ஏறியது. "ஊருக்கெல்லாம் உபதேசம் பண்றவ மே மாசத்துல எங்க போன? அன்னைக்கே என்னைத் தள்ளிட்டு வந்து சீவிருக்கலாம்ல?"

"சீவிருக்கணும். உன் மூஞ்சியப் பாத்துட்டு விட்டுட்டேன். நீ ஆயிரம் தடுத்தாலும் மாட்டுக் காலப் பத்தித் தெரிஞ்சவ நான்தானே? தப்பு என்னோடது."

டெல்ஃபினா தப்பை ஒத்துக்கொண்டு நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். லிடியோ போய் மோராவின் கழுத்தைப் பிடித்துக்கொண்டான். அவள் புண்ணைச் சுற்றிச் சீவிச் சுத்தம் செய்தாள். பிறகு குளம்பின் நல்ல பாதியில் ஒரு மரக்கட்டையைப் பசை வைத்து ஒட்டினாள். இனி உடம்பின் பாரம் கட்டைமேல்தான் விழும், புண் தரையில் படாது. பசை இறுகியதும் கயிற்றை அவிழ்க்கச் சொன்னாள்.

மோரா காலை மெதுவாக வைத்துப் பார்த்தது. பிறகு முழுதாக ஊன்றியது. ஒரு நீண்ட மூச்சு விட்டுவிட்டு, காலையிலிருந்து தொடாமல் கிடந்த வைக்கோலில் வாய் வைத்தது.

லிடியோ அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தனை நாளா வலிச்சிருக்கும்?"

"மூணு மாசமாவது இருக்கும்."

"ஒரு சத்தம் போடலையே."

"மாடு போடாது. மத்த மாடு பாக்குற எடத்துல நொண்டக்கூட யோசிக்கும்."

அவன் அப்படியே வைக்கோலில் உட்கார்ந்தான். "பியரினாவும் இப்பிடித்தான். சிரிச்சிக்கிட்டே அடுப்பாண்ட நின்னா. நானும் நல்லாத்தான் இருக்கான்னு நெனச்சிக்கிட்டேன்" என்றான்.

டெல்ஃபினா சீழ் பட்ட கையைக் கழுவாமலே அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.