கிரகணம் பார்க்க வெட்டிய எக்ஸ்ரே

என் பெரிய மாமா பொய் சொன்னார். இன்றைக்கும் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார். அம்மாவின் எக்ஸ்ரே படத்தை அம்மா தொலைக்கவில்லை. அவர்தான் வெட்டினார். பக்கத்தில் நின்று நான் பார்த்தேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் அம்மாவுக்குச் சுக்கு கொடவுனில் வேலை. நல்லது கெட்டது பிரித்துப் புடைத்துக் கொடுக்க வேண்டும். தூசியில் இருமல் வராத பெண் அங்கே கிடையாது. நான் இரண்டாவது படிக்கும்போது அம்மாவின் இருமல் நிற்கவே இல்லை என்று சர்க்கார் ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். இருமலுக்குக் காரணம் தூசிதான். ஆனால் முதுகெலும்பை ஒட்டி உருண்டையாக ஏதோ வெள்ளையாகத் தெரிகிறது, இந்தப் படத்தைப் பத்திரமாக வைத்துக்கொள், அடுத்த வருஷம் வா என்று டாக்டர் சொல்லியனுப்பினார். இருமல் நின்றது. அம்மா போகவில்லை. படம் மட்டும் காக்கிக் கவரில் சாமி படத்துக்குப் பின்னால் இருந்தது.

பிறகு சூரிய கிரகணம் வந்தது. எங்கள் சந்தில் எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மாமா சாத்தவில்லை. அவர் முனிசிபாலிட்டியில் சாக்கடைக்குக் கொசு மருந்து அடிப்பவர். தன்னை ஹெல்த் டிபார்ட்மென்ட் என்றுதான் சொல்லிக்கொள்வார். சாமி படத்துக்குப் பின்னாலிருந்த கவரையும் கத்திரிக்கோலையும் எடுத்துக்கொண்டு எங்கள் வாசலில் உட்கார்ந்தார். சுற்றிலும் பிள்ளைகள்.

"இது சயின்ஸு. கறுப்பா இருக்குற எடம்தான் ஒதவும். வெள்ளை வழியா பாத்தா கண்ணு அவிஞ்சி போவும்" என்றார்.

நுரையீரல் இரண்டும் கறுப்பு. அதைச் சதுரம் சதுரமாக வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். எலும்பும் உருண்டையும் இருந்த நடுப்பகுதி வெள்ளை. அது எதற்கும் ஆகாது என்று சாக்கடையில் எறிந்தார். டாக்டர் பத்திரமாக வைக்கச் சொன்னதே அந்த வெள்ளையைத்தான்.

அம்மா கொடவுனிலிருந்து வந்தபோது வேலை முடிந்திருந்தது.

"அண்ணே, டாக்டரு அதை எடுத்து வைக்கச் சொன்னாரே!"

"ஒனக்கு இருமல் போயிடுச்சில்ல? அப்பறம் எதுக்கு படம்? மாட்டி வெச்சு மாலை போடவா?"

சந்தே சிரித்தது. நானும் என் எக்ஸ்ரே துண்டைக் கண்ணில் வைத்துக்கொண்டு சூரியனைப் பார்த்தேன். ஓரம் கடித்த பப்படம் போல இருந்தது.

அந்த வருஷமே அம்மாவுக்கு முதுகில் வலி வந்தது. பின்னாலிருந்து விலாவைச் சுற்றி மார்புக்குக் கீழே வரை கயிறு கட்டி இழுப்பதுபோல் இருக்கிறது என்பாள். எறணாகுளத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் புதுப்படம் எடுத்தார்கள். உருண்டை கோழிமுட்டை அளவு இருந்தது. ஆபரேஷன் வேண்டும், ரத்தத்துக்கு முதலில் ஆள் கொண்டுவா என்றார்கள். அப்பாவுக்கு மஞ்சள்காமாலை வந்துபோயிருந்ததால் அவர் ரத்தம் ஆகாது. அப்பாவோடு மூட்டை தூக்குபவர்கள், ரத்தம் கொடுத்தால் அப்புறம் சுமை எடுக்க முடியாது என்று பயந்தார்கள். மாமா ஒருவர்தான் மிச்சம். அவர் ரத்தம் பொருந்தவும் செய்தது.

ஆஸ்பத்திரியில் சேரும் முன் அம்மா என் பள்ளிக்கூடப் பாவாடைகளின் மடிப்பை எல்லாம் பிரித்து நீளமாகத் தைத்து வைத்தாள். ஒன்றும் எனக்கு அளவாக இல்லை. அம்மாவுக்கு அளவெடுக்கத் தெரியவில்லை என்று சண்டை போட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போன அன்று அப்பாவுக்கு லோடு இறக்கும் வேலை. அம்மா, மாமா, நான் மூவரும் போட்டில் காயலைக் கடந்து போனோம். வழியெல்லாம் மாமாவின் புலம்பல்தான்.

"ஏன் தங்கச்சி, ஒரு பாட்டில் போதாதாமா? எனக்கு நாளைக்கு டூட்டி இருக்கு. ஊசியப் பாத்தாலே கிறுகிறுங்குது."

"நீதான் அண்ணே பெரிய மனசு பண்ணணும்" என்று அம்மா திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

ரத்தம் எடுக்க மாமாவைக் கூப்பிடுவதற்கு முன்னால் பெரிய டாக்டர் கட்டிலருகே வந்தார். பழைய படம் எங்கே என்று கேட்டார். அப்போதும் இதே அளவு இருந்திருந்தால் இது சாதுவான கட்டி, இப்போதுதான் வளர்ந்தது என்றால் வேறு மாதிரி. திறப்பதற்கு முன் எனக்குத் தெரிய வேண்டாமா என்றார்.

அம்மா பதில் சொல்வதற்குள் மாமா பாதி மலையாளத்தில் முந்திக்கொண்டார்.

"அது களஞ்ஞு போயி சாரே. இவ தொலைச்சிட்டா. இவளுக்கு ஒண்ணையும் பத்திரமா வைக்க அறியில்லா."

டாக்டர் அம்மாவை வார்டுக்கே கேட்கும்படி திட்டினார். சொந்த உயிரில் அக்கறை இல்லாதவள் என்றார். நான் "மாமாதான்" என்று தொடங்கினேன். அம்மா என் தொடையைக் கிள்ளினாள். தோல் கன்றிப்போயிற்று. மாமா ரத்தம் கொடுக்கப் போனார்.

விலாவைப் பிளந்து எடுத்தார்கள். கட்டி நரம்பின் மேல் தனித் தோலோடு உட்கார்ந்திருந்தது, முழுசாக வந்துவிட்டது என்று டாக்டர் அப்பாவிடம் சொன்னார். சோதனை முடிவு வரும்வரை புற்றுநோய் என்றே நினைத்துக்கொண்டு படுத்திருந்தாள் அம்மா. புற்று இல்லை. அந்த விலாவுக்குக் கீழே ஒரு பட்டை மட்டும் கடைசிவரை மரத்தே இருந்தது. பழைய படம் இருந்திருந்தாலும் வெட்டத்தான் வேண்டியிருக்கும். அது எனக்குத் தெரியும். என் சண்டை அதற்கில்லை.

அம்மா அண்ணனுக்குப் பயந்துதான் பேசாமல் இருந்தாள் என்று வெகுகாலம் நினைத்திருந்தேன். கோழை என்றுகூட மனதில் திட்டியிருக்கிறேன். என் பிள்ளைக்கு ரத்தம் வேண்டி நானே ஆள் ஆளாகக் கெஞ்சியபோதுதான் விளங்கியது. பத்துப் பேர் முன்னால் அவமானப்பட்டிருந்தால் மாமா ரத்தம் கொடுக்காமல் நேராக போட் ஜெட்டிக்குப் போயிருப்பார். அம்மா பழியை வாங்கிக்கொண்டு ரத்தத்தை வாங்கினாள்.

அம்மா போய்ச் சேர்ந்துவிட்டாள். மாமாவோ எந்தக் கல்யாணத்திலும் இதை விடுவதில்லை. "படத்தைத் தொலைச்சிட்டு வந்து நின்னா. என் ரத்தம்தான் அவளைக் காப்பாத்திச்சு."

ரத்தம் கொடுத்தீர்கள், மாமா. இல்லை என்று நான் சொல்லவில்லை. வருகிற நம் மட்டாஞ்சேரித் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில் எப்படியும் உங்களை மேடையில்தான் உட்காரவைப்பார்கள். மைக்கைப் பிடித்துச் சொல்லுங்கள்: அம்மா அன்றைக்கு டாக்டரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால், நீங்கள் கையை நீட்டியிருப்பீர்களா, போட் ஏறியிருப்பீர்களா?