பைக்குள் இருந்த மீட்டர் பலகை

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இலங்கையில் போரோடு மின்வெட்டும் எங்களை வாட்டி எடுத்த காலம். உக்குவளையில் இருந்த நான், கரண்ட் குறைவாக இழுக்கும் புது வகை பல்புகளை மாத்தளை, நாலந்தா, தம்புள்ளை என்று கடை கடையாகக் கொண்டுபோய் விற்றேன். வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? அதனால் ஒரு பலகையில் பழைய பல்பு ஒன்றையும் புதிய பல்பு ஒன்றையும் ஒரு மீட்டரையும் பொருத்தி வைத்திருந்தேன். பழைய பல்பைப் போட்டால் மீட்டர் சக்கரம் விறுவிறுவென்று ஓடும். புதியதைப் போட்டால் சோம்பல் முறித்துக்கொண்டு நகரும்.

நாலந்தாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன் ஒருவரிடம், நானா என்றுதான் கூப்பிடுவோம், அவரிடம் மட்டும் என் பாச்சா பலிக்கவில்லை. "தங்கச்சி, மீட்டர் மெதுவாத்தான் ஓடுது, நான் இல்லேங்கல்ல. ஆனா இந்த வெள்ளை வெளிச்சத்துல என் இறைச்சிக் கறியைப் பாருங்க, காய்ச்சல்காரன் மாதிரி வெளுத்துக் கெடக்கு. யாரு சாப்பிடுவான்?" என்று சிரித்தார். சரியான கஞ்சன் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் நான் தம்புள்ளைக்குப் போன பஸ்ஸை, அவர் கடைக்கு எதிரே இருந்த சோதனைச் சாவடியில் நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். என் பையைத் திறந்த சிப்பாயின் முகம் மாறிவிட்டது. சிவப்பு வயர், கறுப்பு வயர், மீட்டர். போதாததற்கு அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர். துப்பாக்கி என் பக்கம் திரும்பியது. கூட வந்தவர்கள் விலகி ஓடினார்கள். எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அன்று ஒரு வார்த்தைகூட வரவில்லை. இனி வீடு போய்ச் சேரமாட்டேன் என்றே நினைத்தேன்.

அந்த நானா கையில் கரண்டியோடு ஓடிவந்தார். அங்கே நின்றவர்கள் அவர் கடையில் தினமும் சாப்பிடுகிற சிப்பாய்கள்தான். "இது பல்ப் விக்கிற புள்ள, எனக்குத் தெரியும்" என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, அவர்கள் தடுக்கத் தடுக்கப் பலகையைத் தூக்கிக்கொண்டார். "வெடிச்சா மொதல்ல நான்தானே போவேன்? வந்து பாருங்க!"

கடைக்குள் கொண்டுபோய் ப்ளக்கில் செருகினார். முருகா, இந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். போகவில்லை. சக்கரம் வேகமாக ஓடியது. புதிய பல்பைப் போட்டதும் மெதுவாக நகர்ந்தது. நான் கடை கடையாகச் சொல்லும் விளக்கத்தை அவரே சிங்களத்தில் அப்படியே ஒப்பித்தார். சிப்பாய் துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டு, ஊரில் தன் அம்மா வீட்டுக்கு இது சரிவருமா என்று கேட்டான்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. நானா பால் சேர்க்காத பிளேன்டீ போட்டுத் தந்தார். "ஒரு பல்ப் தாங்க. கறிக்கு மேல போட மாட்டேன், வாசல்ல போடுறேன். நாளைக்கு இங்க வேற ஆமிக்காரங்க வந்தாலும், அதைக் காட்டி, அந்தப் புள்ள வித்ததுதான்னு சொல்லலாமே" என்றார்.

இன்றும் ஏதாவது கடை வாசலில் அந்த வெள்ளை வெளிச்சத்தைப் பார்த்தால், எல்லோரும் பயந்து ஓடிய பொருளை எனக்காகக் கையில் ஏந்தி நின்ற அந்த மனிதர்தான் என் கண்ணுக்குத் தெரிகிறார்.